லிட்டர் பைக் வாங்கப் போகிறவருக்கு: முதல் வருஷத்தைக் கடக்கும் வழி

லிட்டர் பைக் என்கிற ஆயிரம் சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஆறு கியர் உண்டு. முதல் கியரிலேயே வண்டி மணிக்கு 130 கி.மீ.யைத் தாண்டிவிடும். நம் நான்குவழிச் சாலைகளில் பைக்குக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வேகம் 80. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட இந்த வண்டிக்குச் சுமார் 3 விநாடி போதும். ஆக, சாலையில் ஓட்டும்வரை இதன் முழுப் பலத்தை நீங்கள் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. பின் சீட் பேருக்குத்தான் இருக்கிறது. ஒரு டிபன் பாக்ஸ் வைக்கக்கூட இடம் கிடையாது. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். சிக்னலில் நின்றால் தொடை வேகும்.

இத்தனையும் தெரிந்துதான் நான் ஒன்றை வாங்கினேன். ஏழு வருஷம் ஆகிறது, விற்கத் தோன்றியதில்லை. விடிவதற்கு முன்பே ஊரைத் தாண்டி, எஞ்சின் சூடேறி, டயரும் பதமாகி, காலியான வளைவு ஒன்றில் வண்டியைச் சாய்த்து வெளியே வரும்போது வலது கையை ஒரு நூல் திறந்தால் போதும்; முதுகில் யாரோ உள்ளங்கை வைத்துத் தள்ளுவது போல வண்டி முன்னே போகும். நினைப்பதற்கும் நடப்பதற்கும் நடுவில் இடைவெளியே இருக்காது. வேறு எந்த வாகனத்திலும் இது எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் ஒன்று. இந்த வண்டி நம் அன்றாடத்துக்குள் வந்து பொருந்தாது. நாம்தான் அதற்கென்று நேரம், இடம், பணம், பழக்கம் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்காதவர்கள் ஒரே வருஷத்தில் விற்றுவிடுகிறார்கள், அல்லது விழுகிறார்கள். இரண்டும் உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகத்தான் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1992-ல் ஹோண்டா முதல் ஃபயர்பிளேடைக் கொண்டுவந்தது. 893 சிசி எஞ்சின், ஆனால் 600 சிசி வண்டிக்கு நெருக்கமான எடை. அன்றைக்கு அது பெரிய அதிசயம். 1998-ல் யமஹா ஆர்1 வந்தது: 998 சிசி, 150 குதிரைத்திறன். மறு வருஷமே சுசுகியின் ஹயபூசா. 2009-ல் பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர் வந்தபோது பின்சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் கூடவே வந்து, மற்ற கம்பெனிகளும் அந்தப் பாதைக்கு வந்தன. இன்றைக்குக் கவாஸாகி நிஞ்சா இசட்எக்ஸ்-10ஆர் போன்ற ஒரு வண்டியில் சுமார் 200 குதிரைத்திறன், எடை 207 கிலோ. மாருதி ஸ்விஃப்ட் காரில் இருப்பது 80, 90 குதிரைத்திறன். அது இழுத்துப் போவது 900 கிலோவுக்கு மேல். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் வலது மணிக்கட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று புரியும்.

புது வண்டிகளில் ஆறு திசை அசைவையும் அளக்கும் சென்சார் இருக்கிறது. எவ்வளவு சாய்ந்திருக்கிறோம், முன்சக்கரம் தூக்குகிறதா, பின்சக்கரம் வழுக்குகிறதா என்று பார்த்து எஞ்சினின் பலத்தைக் குறைத்துக் காப்பாற்றும். இது பெரிய வரம். ஆனால் வளைவில் கொட்டிக் கிடக்கும் மணலை அது அள்ளிப் போடாது. எதிர்த் திசையில் வரும் ஆட்டோவை நிறுத்தாது.

சின்ன வண்டியில் ஒரு வருஷம்

யமஹா ஆர்15, ஆர்3, கேடிஎம் ஆர்சி 390 மாதிரி வண்டியில் குறைந்தது ஒரு வருஷம், பத்தாயிரம் கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வாருங்கள். முடிந்தால் நடுவில் ஒரு 650. "எனக்கு நிதானம் இருக்கிறது, நேராக ஆயிரம் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. நிதானம் மனதில் இருக்கலாம். கை வேறு மாதிரி பழகியிருக்கும். 150 சிசி வண்டியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மணிக்கட்டு தன்னையறியாமல் அரை அங்குலம் முறுக்கினால் ஒன்றும் ஆகாது. லிட்டர் பைக்கில் அதே அரை அங்குலம் வண்டியை அடுத்த லாரியின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும்.

அந்த ஒரு வருஷத்தில் மூன்று விஷயங்கள் உடம்பில் ஊறியிருக்க வேண்டும்.

ஒன்று, முன் பிரேக். சடாரென்று அமுக்காமல், முதலில் லீவரை லேசாகப் பிடித்து, எடை முன்சக்கரத்துக்கு வந்ததும் அழுத்தத்தைக் கூட்டுவது. காலி மைதானத்திலோ ஆள் நடமாட்டமில்லாத புது லேஅவுட் சாலையிலோ 60-லிருந்து நிறுத்திப் பழகுங்கள். ஐம்பது தடவை, நூறு தடவை.

இரண்டு, கவுன்டர் ஸ்டியரிங். இடப்பக்கம் திரும்ப இடது ஹேண்டிலை முன்னே தள்ள வேண்டும். வண்டி இடப்பக்கம் சாயும், திரும்பும். நாம் எல்லோரும் தெரியாமலேயே இதைத்தான் செய்கிறோம். தெரிந்து செய்யப் பழகியவருக்குத்தான் திடீரென்று குறுக்கே நாய் வந்தால் கை சரியாக வேலை செய்யும்.

மூன்று, பார்வை. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கேதான் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குள், போக வேண்டிய இடைவெளியைப் பார்த்தால் இடைவெளிக்குள். வேகம் கூடக் கூட இந்தப் பழக்கம்தான் உயிர் காக்கும்.

பிரேக் பற்றி ஒரு கணக்கையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நல்ல சாலை, நல்ல டயர், கவனித்துப் பிரேக் பிடிக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், 50-ல் போகும் வண்டி நிற்கச் சுமார் 25 மீட்டர் வேண்டும். 100-ல் 70 மீட்டருக்கு மேல். 200-ல் ஏறத்தாழ 230 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடிக்கும் தூரம் நான்கு மடங்கு. நம் சாலைகளில் 230 மீட்டர் தூரத்துக்கு யாரும், எதுவும் குறுக்கே வராது என்று யாரால் சொல்ல முடியும்?

வீட்டையும் வழியையும் பாருங்கள்

வண்டியைப் பார்க்க ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் வீட்டு வாசலைப் பாருங்கள். கேட்டிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவு செங்குத்தாக இருக்கிறதா? இந்த வண்டிகளின் வயிறு தாழ்வு. சைலன்ஸரோ, வண்டியைப் போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கோ உரசும். கூரை உண்டா? பூட்டி வைக்க ஒரு தூணோ வளையமோ உண்டா? தெருவில் விட்டுவைக்கிற வண்டி இது இல்லை.

அடுத்து, தினமும் ஆபீஸ் போக வேறு வண்டி இருக்கிறதா? இல்லையென்றால் தயவுசெய்து இப்போது வாங்காதீர்கள். மே மாதம் மதியம் பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி சாலை நெரிசலில் ஒருமுறை முக்கால் மணி நேரம் ஊர்ந்திருக்கிறேன். மீட்டரில் கூலன்ட் சூடு நூறைத் தாண்டியதும் ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும். அந்த அனல் நேராக இரண்டு முழங்காலுக்கும் தொடைக்கும் வரும். பேன்ட் துணி சூடேறித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஃபேன் நிற்கும், பத்து மீட்டர் நகர்வோம், மறுபடி ஓடும். கிளட்ச் பிடித்த இடது கையில் பெருவிரலுக்குக் கீழே வலி குத்தும். வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது தொடையின் உட்பக்கம் சிவந்திருந்தது. இது வண்டியின் கோளாறு இல்லை. காற்று வேகமாக அடிக்கும்போது குளிரும்படி கட்டிய எஞ்சினை நான் காற்றே இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போனேன்.

வீட்டில் உள்ளவர்களிடம் விலையை மறைக்காதீர்கள், பயத்தையும் மறைக்காதீர்கள். எப்போது எடுப்பேன், எங்கே போவேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுச் செய்கிறவருக்கு இந்த ஆசை வருஷக்கணக்கில் நிலைக்கிறது.

எந்த வண்டி

உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். சீட் உயரம் 830 மி.மீ.யை ஒட்டி இருக்கும். இரண்டு காலும் நுனிவிரலாவது தரையில் ஊன்ற வேண்டும். ஹயபூசா இதில் விதிவிலக்கு, 800 மி.மீ.தான், ஆனால் எடை 260 கிலோவுக்கு மேல், நீளமும் அதிகம். நெடுஞ்சாலைக்கு அது ராஜா. வளைவுகள் நிறைந்த சாலையில் அதைத் திருப்ப உடம்பு உழைக்க வேண்டும்.

நாலு சிலிண்டர் வரிசையாக உள்ள ஜப்பான் வண்டிகள் பராமரிக்கச் சுலபம், பழகிய மெக்கானிக்குகளும் அதிகம். டுகாட்டி பானிகாலே வி4-இன் குணம் வேறு. 1103 சிசி, வி வடிவம். பின்பக்க சிலிண்டர்கள் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் சூடும் அங்கேயே. ஆனால் அந்தச் சத்தத்தையும் கீழ் ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே) வரும் இழுப்பையும் ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார்.

என் சொந்தக் கருத்து: முதல் பெரிய வண்டியாக 600, 650 வகையில் ஒன்றை எடுப்பவர்தான் அதிகம் ஓட்டுகிறார், அதிகம் கற்கிறார். ஆயிரம் வேண்டும் என்று மனது பிடிவாதம் பிடித்தால் வாங்குங்கள், ஆனால் டிராக்ஷன் கன்ட்ரோலும் ஏபிஎஸ்ஸும் உள்ளதாக வாங்குங்கள். 2000-களின் தொடக்கத்து யமஹா ஆர்1-ஓ சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்-ஓ மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் ஆரம்பிக்காதீர்கள். அழகான வண்டிகள்தான். தப்பு செய்தால் மன்னிக்காது.

பணக் கணக்கு

வண்டியின் விலை முதல் தவணை மாதிரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதன்மேல் ஆயுள் வரி, இன்ஷூரன்ஸ். பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஸீரோ டெப்ரிசியேஷன் வகையைக் கட்டாயம் எடுங்கள். நின்ற இடத்தில் சாய்ந்தாலே ஃபேரிங், லீவர், கண்ணாடி, இண்டிகேட்டர் என்று ஒரு வரிசை போகும்.

டயர்தான் ஓயாத செலவு. பின்டயர் மென்மையான ரப்பர். ஆறாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும், ரேஸ் டிராக்கில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம். ஒரு ஜோடிக்குக் கடைசியாக நான் கொடுத்தது நாற்பதாயிரம் ரூபாயைத் தொட்டது. நான் கடைப்பிடிப்பது இதுதான்: வாங்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து முதல் வருஷத்துக்கென்று வங்கியில் போட்டு வைப்பது. அப்படிப் போட முடியாத விலையில் உள்ள வண்டி இப்போதைக்கு உங்களுக்கானதல்ல.

பழைய வண்டி பார்க்கும்போது

பெரும்பாலோர் செகண்ட் ஹாண்டில்தான் நுழைகிறோம். நல்ல வண்டிகளும் கிடைக்கும். உடைமையாளர் வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டியிருப்பார். ஆனால் இந்தச் சந்தையில் ஏமாற்றும் உண்டு.

கிளம்பும் முன் போன் போட்டு, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லுங்கள். போனதும் முதலில் எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் எஞ்சினுக்குள் ஓடும் கேம் செயினின் கலகலப்பும், புகையின் நிறமும், பேட்டரியின் பலவீனமும் தெரியும்.

பிறகு டார்ச் எடுத்துக் குனிந்து, முன்னால் ஹேண்டில் தண்டு பிரேமில் சேரும் கழுத்தைப் பாருங்கள். ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஒரு சின்ன உலோகக் கட்டி இன்னொன்றில் முட்டி நிற்கும். அதுதான் ஸ்டியரிங் ஸ்டாப். நான் முதலில் பார்க்கப் போன வண்டி பளபளவென்று இருந்தது, ஃபேரிங்கில் கீறலே இல்லை. பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூட்டிப்போயிருந்தேன். அவர் பெயின்ட் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அந்தக் கட்டியில் விரல் நகத்தை வைத்துத் தடவினார். ஒரு பக்கம் நசுங்கி, விளிம்பு பிதுங்கியிருந்தது. "தம்பி, இது வேகமா விழுந்த வண்டி. சட்டை புதுசு, எலும்பு பழசு. வா போலாம்," என்றார். சாதாரணமாகக் கையால் திருப்பினால் அது நசுங்காது. விழுந்து உருளும்போது ஹேண்டில் அடித்துத் திரும்பினால்தான் நசுங்கும். புது ஃபேரிங் போடலாம். அந்தத் தடத்தை மறைப்பது கஷ்டம்.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் எண்ணெய் வளையம் இருந்தால் சீல் போயிருக்கிறது. கால் வைக்கும் ஃபுட்பெக்கின் நுனி, ஹேண்டிலின் முனை, லீவரின் உருண்டை ஆகிய மூன்றும் விழுந்த கதையைச் சொல்லும். ஃபேரிங் போல்ட்களின் தலை தேய்ந்திருந்தால் பலமுறை கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், காரணம் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வயதைத் தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றச் செலவாகும் என்று விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

காகிதம் இன்னும் முக்கியம். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்சி-யில் உள்ளபடியே வண்டியில் பொறித்திருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து முழு வண்டியாக வந்தது என்றால் சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரி வேண்டும். "அது எங்கேயோ இருக்கு" என்றால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். வேறு மாநிலத்து வண்டிக்கு என்ஓசி (படிவம் 28), பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, கடன் இருந்து முடிந்திருந்தால் படிவம் 35. இவை கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

உடுப்பு

ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ். இவற்றை வண்டிக்கு முன்பே வாங்குங்கள். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை சட்டப்படி வேண்டும். அதோடு ஐரோப்பாவில் கேட்கும் இசிஇ 22.06 பாதுகாப்புச் சான்றும் உள்ளதாகப் பாருங்கள். போட்டுக்கொண்டு கன்னத்தை அசைத்தால் ஹெல்மெட்டோடு தோலும் சேர்ந்து நகர வேண்டும். சாலைக்கு நம் வெயிலில் காற்று புகும் மெஷ் ஜாக்கெட் போதும், உள்ளே தோள், முழங்கை, முதுகு மூன்றிலும் சிஇ லெவல் 2 (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) பேட் இருந்தால். டிராக்குக்குத் தோல் சூட்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

ரெயின் மோட் என்று ஒன்று இருக்கும். மழைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் அதிலேயே ஓட்டுங்கள். ஆக்ஸிலரேட்டர் மென்மையாகப் பேசும். புது வண்டியானால் எஞ்சின் பழகும் ரன்னிங்-இன் சமயத்தில் ஆர்பிஎம் வரம்பும் சேர்ந்து கட்டுப்படுத்தும்.

ஞாயிறு காலை அஞ்சு மணி நல்ல நேரம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கிளப்பியதும் அங்கேயே நின்று உறுமவிடாமல் மெதுவாக உருட்டிக்கொண்டு வெளியே போய்விடுங்கள். அக்கம்பக்கத்தார் மனது கெடாமல் இருந்தால்தான் நாளைக்கும் எடுக்க முடியும். கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பாருங்கள். பெரும்பாலான லிட்டர் பைக்குகளுக்கு முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். முதல் பத்துப் பதினைந்து நிமிஷம் வளைவில் சாய்க்காதீர்கள், குளிர்ந்த ரப்பர் பிடிக்காது.

உடம்பின் எடையை மணிக்கட்டில் போடாதீர்கள். இரண்டு முழங்காலாலும் டேங்க்கை இறுக்கிப் பிடித்து, வயிற்றுத் தசையால் மேலுடம்பைத் தாங்குங்கள். கை ஹேண்டில் மேல் தளர்ந்து இருக்க வேண்டும், ஒரு குருவியைப் பிடித்திருப்பது போல. இது பழக இரண்டு மாதம் ஆகும். அதுவரை மணிக்கட்டு வலிக்கும்.

வேகமாக ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டுவதுதான் இதில் கஷ்டம். ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்பும்; நம் தெருவில் யூ டர்ன் ஒரே மூச்சில் வராது. காலி இடத்தில் கிளட்ச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி எட்டுப் போட்டுப் பழகுங்கள். ஸ்பீட் பிரேக்கரில் நடக்கும் வேகத்துக்கு வந்து குறுக்காக ஏறுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஆசைப்பட்டு முதல் மாதமே போகாதீர்கள். முதல் கியர் அந்த வளைவுகளுக்கு மிக நீளம். ஒவ்வொன்றிலும் கிளட்ச்சோடு போராடுவீர்கள். ஏலகிரியின் 14 வளைவு போதும், அதுவும் ஆறு மாதம் கழித்து.

நின்ற வண்டி விழுவதுதான் முதல் வருஷத்தில் அதிகம் நடப்பது. எனக்கும் நடந்தது. ஒரு பெட்ரோல் பங்க்கில் தரை வலப்பக்கம் சரிந்திருந்ததைக் கவனிக்காமல் நிறுத்தி, இடது காலை எடுத்துச் சைடு ஸ்டாண்டைத் தள்ளினேன். 200 கிலோ வலப்பக்கம் சாயத் தொடங்கியது. வலது கால் ஊன்றிய இடத்தில் டீசல் சிந்தியிருந்தது. பிடிக்க முடியாது என்று தெரிந்த அந்த அரை விநாடி இன்னும் நினைவிருக்கிறது. பிரேக் லீவரும் ஃபேரிங்கும் போயின. உதிரிபாகம் வந்துசேர ஆறு வாரம் ஆனது. அன்றிலிருந்து எங்கே நிறுத்தினாலும் முதலில் தரையைப் பார்க்கிறேன். சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்த்தபடி, கியரில் போட்டு, காலூன்றும் இடம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தபின் இறங்குகிறேன். விழுந்தால் அடியைத் தாங்கிக்கொள்ளும் ஃப்ரேம் ஸ்லைடர் ஒரு ஜோடியும் முதல் வாரமே போட்டுவிடுங்கள்.

கூட்டமாகப் போகும் ரைடுகளில் உங்களைவிட வேகமானவரைத் துரத்தாதீர்கள். ஈசிஆரில் எப்போது வேண்டுமானாலும் மாடு வரும், கடற்கரை மணல் வளைவில் பரந்திருக்கும், மீனவர் குப்பத்துக் குழந்தை பந்தைத் தேடி ஓடி வரும். அது அவர்கள் ஊர், அவர்கள் சாலை.

பராமரிப்பு

ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்துச் செயின் லூப் (மசகு ஸ்பிரே) அடியுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செய்யாதீர்கள், விரல் போய்விடும். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றிக் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்றால் பேட்டரி இறங்கும். நின்ற நிலையில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். டிரிக்கிள் சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டி வைத்தால் கவலையே இல்லை. வால்வ் கிளியரன்ஸ் (எஞ்சின் வால்வுகளின் இடைவெளி) பார்ப்பது பெரிய செலவு, ஆனால் பல வண்டிகளில் 24,000 கி.மீ.க்குத்தான் வரும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது முடிந்ததா, வரப்போகிறதா என்று சர்வீஸ் ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிராக்

ஆறாவது மாதத்துக்குள் ஒரு டிராக் டே, அதாவது நம் வண்டியையே ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழகும் நாள், போய்வாருங்கள். தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இது கிடைத்திருக்கும் பெரிய பாக்கியம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் இருக்கிறது, 3.7 கி.மீ., 12 வளைவு. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்கிறார்கள். கோவை செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே, 2 கி.மீ. சொச்சம். எதிரே யாரும் வர மாட்டார்கள். மாடு இல்லை, மணல் இல்லை. தப்பினால் விழ இடம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது.

பயிற்சியாளரோடு நடக்கும் பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள். முதல் நாள் லேப் டைமை (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை) மறந்துவிடுங்கள். வளைவுக்கு முன்னால் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடிப்பது, சாய்ந்தபடி வளைவின் உள் ஓரத்தைத் தொடுவது, வண்டி நிமிர நிமிர ஆக்ஸிலரேட்டரைத் திறப்பது. இந்த மூன்றும் ஒரே நூலில் கோத்தது போல வரும்வரை மெதுவாகவே போங்கள். மூன்றாவது செஷனில் எனக்கு அது ஒரே ஒரு வளைவில் வந்தது. வெளியே வந்து நேர்ச்சாலையில் முழுக்கத் திறந்தேன். பத்தாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் உறுமல் ஓலமாக மாறியது, காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடிக்குப் பின்னால் தாடையை டேங்க்கில் வைத்துக் குனிந்திருந்தேன், ஓரத்துச் சுவர் ஒரே வெள்ளைக் கோடாகிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தது நான்தான் என்று அடுத்த பிரேக் பிடித்த பிறகுதான் தெரிந்தது.

டிராக்குக்காக டயர் கம்பெனி சொல்லும் அளவுக்குக் காற்றைக் குறைத்திருப்பீர்கள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் டயர் ஆறும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். ஆறியதும் மறுபடி 36, 42 ஏற்றுங்கள், டிராக்குக்காகக் கழற்றிய பக்கக் கண்ணாடிகளை மாட்டுங்கள், முகப்பு விளக்கில் ஒட்டிய டேப்பை உரித்தெடுங்கள், ரெயின் மோடுக்கு மாற்றுங்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் இடது பக்க லேனில் லாரிகளுக்குப் பின்னால் அறுபதில் வாருங்கள். பூந்தமல்லி வருவதற்குள் கை தன் பழைய நிதானத்துக்கு வந்துவிடும்.